கல்நுனி விடாத வீடு

உம்பேனித் தீவில் பீ தீமாவின் வீடு தென்காற்று திரும்பிய வாரத்தில் பின்னோக்கிப் போகத் தொடங்கியது. முதலில் போனது வாசலில் போட்டிருந்த தகரக் கொட்டகை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் தெருவில் பேசிக்கொண்டோம். ஆனால் ஆணி அடித்த ஓட்டைகூடச் சுவரில் இல்லை. பிறகு விளக்குகளும் சுவிட்சுகளும் போயின. மின்கம்பிகள் தெருக்கம்பத்துக்கே திரும்பிப் போய்ச் சுருண்டுகொண்டன. மின்சார ஆபீசிலிருந்து வந்தவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த வீட்டுக்கு நாங்கள் இணைப்பே கொடுக்கவில்லையே அம்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் சிமெண்டுத் தரை போய், அதற்கு முன்பிருந்த சுண்ணாம்புத் தரை வந்தது. அது பழைய தரையாக வரவில்லை. அன்றைக்குத்தான் போட்டதுபோல் ஈரமாக வந்தது; பீ தீமாவின் மகள் சோமோயே காலையில் எழுந்து நடந்தபோது பாதம் பதிந்தது. வீட்டைச் சேர்ந்தவை மட்டுமே இப்படிப் போயின, வீட்டுக்குள் வைத்த சாமான்கள் அப்படியே இருந்தன. பிரிட்ஜ் செருக இடமில்லாமல் சும்மா நின்றதால் பீ தீமா அதில் துணி மடித்து வைத்தார். அந்த வாரம் மீன் விலை ஏறிக் கிடந்தது. ஊருக்கு இதைப் பற்றிப் பேச நேரம் போதவில்லை.

எங்கள் கரையில் ஆண்பிள்ளைக்குப் படகு, பெண்பிள்ளைக்கு வீடு. கல்யாணப் பேச்சு எடுக்கும்போதே பெண்ணைப் பெற்றவர்கள் அவளுக்கென்று ஒரு மாடியோ, ஒட்டினாற்போல் ஒரு கட்டோ எழுப்பிவிட வேண்டும். மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வான். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யாரும் படகேறி வருவதில்லை. அதனால் கடலில் வெட்டிய முருகைக்கல்லை அடுக்கி ஒரு சுவர் எழுப்பினால், அதன் ஓரத்தில் சில கற்களை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடுவார்கள். கூரைக்குப் போடும் கண்டல் மரக்கழிகளின் நுனியையும் அறுக்கமாட்டார்கள். இனிமேல் பிறக்கப்போகிற ஒரு பெண்ணின் சுவர் வந்து அதில் கோத்துக்கொள்ள வேண்டும் அல்லவா. உம்பேனியில் எந்த வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்த்தாலும் அது பல்லை நீட்டிக்கொண்டுதான் நிற்கும். புதுச் சுவர் ஈரமாக இருக்கும்போதே, வீடு யாருக்கோ அந்தப் பெண் உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் வலது கையைப் பதிப்பாள். பீ தீமாவின் வீட்டில் எழுநூறு வருஷத்துப் பெண்களின் கைகள் இருந்தன என்பார்கள். ஒருத்தியின் கைமேல் இன்னொருத்தி காலத்துப் பூச்சு ஏறி, எல்லாம் சுவருக்குள் போய்விட்டிருந்தன.

எங்கள் பக்கத்தில் மூத்த பெண்களின் பெயருக்கு முன் மரியாதைக்குப் பீ என்று சேர்ப்போம். பீ தீமாவுக்கு ஒரே மகள். கணவர் மஸ்கட்டுக்குப் போனவர் போனவர்தான். முதலில் பணம் வந்தது, பிறகு சலாம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை. சோமோயேவுக்கு எதிர்த்தீவிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பெயர் அத்மான், படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், எப்போதும் டீசல் வாசனையோடு சிரித்த முகமாக இருப்பான். அவன் தாய் பீ ஜோஹா வீடு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். பீ ஜோஹாவின் வாய்க்குப் பயந்து அந்தத் தீவில் சேவல்கூட நேரத்தோடு கூவும் என்று எங்கள் பக்கத்தில் கேலி செய்வோம். பீ தீமா பதறிப்போய், மாடியைச் சோமோயேவுக்கு ஒதுக்கிப் புதுப் பூச்சுப் பூசவைத்தார். மகளும் கை பதித்தாள். அதோடு நின்றிருக்கலாம். பின்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த கற்களில் காக்கைகள் உட்கார்ந்து எச்சமிட்டு அசிங்கமாக இருந்தது. சம்பந்தி கண்ணில் பட்டால் என்ன சொல்வாரோ என்று கொத்தனார் ஓபோவைக் கூப்பிட்டு, அவற்றை உடைத்துச் சமமாகப் பூசிவிடச் சொன்னார்.

ஓபோ உளியை எடுக்கவே தயங்கினார். "யாருக்கும் விடவேணாமா அக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கு விடணும்? எனக்கு இருக்கிறது ஒண்ணே ஒண்ணு. இனி நான் பெத்துக்கப் போறேனா?"

"அவ பெத்துக்குவாளே?"

"அவளுக்கு இந்த மாடி போதும். நீ பேசாம உடை. உன் வாய் வேலை செய்யிற வேகத்துக்குக் கை செஞ்சா எப்பவோ ஆயிருக்கும்."

ஓபோ உடைத்தார், பூசினார், கரண்டியால் தேய்த்து வழவழப்பாக்கினார். பீ தீமா தள்ளி நின்று பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அவ்வளவுதான். வீடு முடிஞ்சுது" என்றார். தெருவில் நாலு பேர் காது கேட்கச் சொன்னார். பாவம், அவர் மனதில் இருந்தது அலுப்பும் கொஞ்சம் பெருமையும்தான். ஆனால் அந்த வீட்டைப் பார்த்து அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. மறுவாரம் காற்று திரும்பியது. முன்னால் போக இடமில்லாத வீடு பின்னால் போக ஆரம்பித்தது.

பீ ஜோஹா வந்து மாடியைப் பார்த்து, தலையாட்டி, ஹல்வா சாப்பிட்டு, நிச்சயத்துக்குப் பீ தீமா கொடுத்த பட்டுத் துணியையும் வாங்கிக்கொண்டு போனார். அவர் ஏறிய படகு கண்ணுக்கு மறைவதற்குள் சோமோயேவின் கைத்தடம் சுவரிலிருந்து போய்விட்டது. அடுத்து வாடைக்காற்று எழுந்தபோது மாடியே போயிற்று. அது பீ தீமாவின் தாயார் கல்யாணத்துக்கு எழுப்பிய மாடி. இடிந்து விழவில்லை, ஒரு கல் சிதறவில்லை. காலையில் எழுந்து பார்த்தபோது மாடிப்படிகள் வெயிலில் போய் நின்றன. சோமோயேவின் கட்டிலும் தலையணையும் கீழ்த்தளத்துக் கூரைமேல் கிடந்தன. அவள் அதில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்ததை எதிர்வீட்டு ஆட்கள் பார்த்தார்கள். கீழே இறங்கி வந்து, "உம்மா, என் ரூம் இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. பள்ளிவாசலில் ஓதினார்கள். ஓபோ தன் பாவத்துக்குத் தானே பரிகாரம் தேடுவதுபோல், கூலி வாங்காமல் பின்சுவரில் மறுபடியும் கல்நுனிகளை வைத்துக் கட்டினார். மறுநாள் சிமெண்டு பொடியாகக் கிடந்தது, கற்களைக் கடற்கரையில் நண்டுகளுக்கிடையே பார்த்தோம். மூன்று தடவை கட்டினார், மூன்று தடவையும் அப்படித்தான். புதிதாக வைத்த எதையும் அந்த வீடு ஏற்கவில்லை. நான்காம் தடவை ஓபோ சாந்துக்கரண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரில் முகத்தை வைத்து அழுதார். கொத்தனார் அழுததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. புராதனக் கட்டிடங்களைப் பாதுகாக்கும் அலுவலகத்துக்கும் ஆள் போயிற்று. அங்கிருந்து அதிகாரிகள் வந்து, இத்தனை பழமையான வீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது, அசல் நிலையிலேயே காக்க வேண்டும் என்று ஒரு பலகையைச் சுவரில் அறைந்துவிட்டுப் போனார்கள். பலகை அந்த வீட்டைவிடப் புதியது என்பதால் மறுநாள் அதுவும் இல்லை.

தலைநகரிலிருந்து அவினோ என்ற தொல்லியல் அம்மாள் வந்தார். உள்நாட்டு ஏரிக்கரைப் பக்கத்துக்காரர், வளர்த்தியானவர், எங்கள் தெருவின் தாழ்வான வாசல்களில் நெற்றியை இடித்துக்கொண்டே இருந்தார். எங்கள் ஊர் வீடுகளைப் பற்றி அவர் ஒரு புத்தகம் எழுதியவர். எந்தச் சுவர் எந்த நூற்றாண்டு என்று அதில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். கூடத்து மூலையில் சின்னதாகச் சதுரக் குழி வெட்டி, உடைந்த சீனப் பீங்கான் ஓடுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பெட்டியில் அடுக்கினார். காற்று திரும்பியது. குழி தானே மூடிக்கொண்டது. பெட்டியில் வெறும் எண்சீட்டுகள் கிடந்தன. சுவர் மாடத்தில் சுண்ணாம்பு வைத்துப் பதித்த நீலப்பூக் கிண்ணம் ஒன்று கீறல்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தது. குளியலறைத் தொட்டி முழுசாகத் திரும்பி வந்தது. கொசுப்புழு தின்பதற்காக விட்ட சின்ன மீன் அதில் சுற்றிச் சுற்றி நீந்தியது. மீனும் வீட்டைச் சேர்ந்ததுதான் என்று வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"இந்தச் சுவர்தான் எல்லாத்துக்கும் மூத்ததுன்னு நான் எழுதிவச்சேன். இது முதல் ஆளா எழுந்து போயிடுச்சு" என்று அவினோ காபிக்கடையில் சொன்னார். "அது பரவாயில்ல. அந்தம்மா என்னப் பாத்து, இத நிறுத்த முடியுமா டாக்டர்னு கேக்குறாங்க. நான் எந்த ஊரு டாக்டரு? எனக்குத் தெரிஞ்சதெல்லாம் போனதுக்கப்புறம் பாக்குறதுதான்."

போவது மட்டுமல்ல, வருவதும் தொல்லையாக இருந்தது. என்றோ இடிந்துபோன பகுதிகள் அதனதன் முறை வந்தபோது எழுந்து நின்றன. தெருவுக்கு மேல் பாலம்போல் கட்டிய அறை ஒன்று ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றது. அதன் அடுத்த முனை பக்கத்து வீட்டு ஃபமாவின் படுக்கையறைக்குள் கதவைத் திறந்தது. ஃபமாவ் கேசட்டும் மண்ணெண்ணெயும் விற்பவர். அவரும் அவர் மனைவி ஸைத்தூனும் ஆறு மாதம் அந்தக் கதவுக்கு முன்னால் அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டுத் தூங்கினார்கள். அடுத்த காற்றில் பாலம் போய்விட்டது, அதற்குப் பதில் அவர் கடையின் நடுவில், கேசட் அடுக்குகளுக்கிடையே, ஐந்நூறு வருஷத்துக் கக்கூஸ் ஒன்று குந்துவதற்குக் கல்லெல்லாம் வைத்துத் தயாராக வந்தது.

ஃபமாவ் வாசலில் நின்று, "அக்கா, உங்க கக்கூஸ் என் கடையில இருக்கு" என்றார்.

"நான் என்ன பண்றது ஃபமாவ்? எனக்கே இப்ப கக்கூஸ் இல்ல."

"அப்ப வந்து போயிட்டுப் போங்க. வர்றப்ப மட்டும் ஒரு கேசட்ட கையில எடுத்துப் பாக்குற மாதிரி பாருங்க. ஊரு பேசும்."

பீ தீமா சிரித்தார். அந்த வருஷத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

செய்தி எதிர்த்தீவுக்கு எட்டாமல் இருக்குமா. பீ ஜோஹா மீன்காரப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிய வார்த்தை தெரு முழுக்கத் தெரியும்: "வீடு நிக்கிற வரைக்கும்தான் என் பேச்சும் நிக்கும். வீடில்லாத பொண்ணுக்கு என் மகன் எங்க போய் மாப்பிள்ளைக் கால் கழுவுவான், கடல்லயா?" அத்மான் மட்டும் அவ்வப்போது படகில் வந்து போவான். தெருவின் மறுபக்கம் நின்று வீட்டைப் பார்ப்பான். ஒவ்வொரு தடவையும் வீடு ஒரு பங்கு குறைந்திருக்கும். எஞ்சினென்றால் கழற்றிப் பார்த்துவிடுவேன் என்று ஓபோவிடம் சொல்லிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான். சோமோயே கதவிடுக்கில் நின்று அவன் போவதைப் பார்ப்பாள்.

காற்றுக்குக் காற்று வீடு இளைத்துக்கொண்டு வந்தது. வேலைப்பாடுள்ள மாடங்கள் போய், விளக்கு வைக்க மட்டும் ரெண்டு குழி இருந்த சுவர் வந்தது. நாலு கட்டு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றானது. தொட்டியும் போயிற்று, மீனும் போயிற்று. ஒவ்வொரு தடவையும் உள்ளறைக் கதவுக்குப் பக்கத்தில் ஈரச் சுவரில் ஒரு புதுக் கைத்தடம் இருக்கும். புதிது என்றாலும் முந்தையதைவிடப் பழையது. சோமோயே தன் கையை அதில் பொருத்திப் பார்ப்பாள். ஒருத்திக்குக் கை அகலம், ஒருத்திக்குச் சுண்டுவிரல் கோணல். ஒன்று அவள் உள்ளங்கையில் பாதிதான் இருந்தது. அவ்வளவு சின்னப் பெண்ணையா கட்டிக் கொடுத்தார்கள் என்று அன்றைக்கு அவள் சோறு தின்னாமல் அழுதாள். இவளுக்கெல்லாம் வீடு கிடைத்திருக்கிறது, எனக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றும் அழுதிருப்பாள். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் பீ தீமாவுக்குக் கேட்டது. மகள் தூங்கியதாக நினைத்து, சுவரிடம் போய், "நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அதுக்குப் போய் இப்படியா? என்ன வேணா செய், அவளுக்கு ஒரு ரூம் மட்டும் விட்டுடு" என்று கெஞ்சுவார். சுவருக்கென்ன, முருகைக்கல்லும் மண்ணும்.

அந்த ஒற்றைக் கட்டும் ஒரு தென்காற்றில் போயிற்று. கண்டல் கழிகளை நட்டுச் செம்மண் அப்பி, தென்னங்கீற்று வேய்ந்த குடிசை ஒன்று அந்த இடத்தில் நின்றது. அவினோ அதைப் பார்த்து, கல்வீட்டுக்கு முன்னால் இங்கே மண்வீடு எதுவும் இருந்ததில்லை என்றும் தான் எழுதியதாகச் சொல்லிக் குடையை மடக்கி மண்ணில் குத்தினார். மண் சுவரிலும் ஒரு கை பதிந்திருந்தது. அது சோமோயேவின் கைக்கு அச்சாகப் பொருந்தியது. அவள் வெகுநேரம் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது விரலிடுக்கில் ஈரமண் ஒட்டியிருந்தது. அடுத்த வாடைக்காற்றில் குடிசையும் இல்லை. வெறும் மணல், அதில் அடித்த முளைகள், முளைக்கு முளை இழுத்துக் கட்டிய தென்னை நார்க் கயிறு. யாரோ தன் மகளுக்கு வீடு கட்ட இடம் அளந்த காலை அது. கயிறு கணுக்கால் உயரத்தில் ஓடியது. கதவு வரவேண்டிய இடத்தில் மட்டும் அதில் ஒரு முடிச்சு இருந்தது.

அந்தக் கயிற்றுக்குள் பிரிட்ஜ், இரும்புப் பெட்டி, கட்டில், அடுப்பு, அம்மா, மகள். நான்கு துடுப்புகளை நட்டு ஒரு பழைய பாய்த்துணியைத் தலைக்குமேல் கட்டிக் கொடுத்தார்கள். ஸைத்தூன் வந்து, எங்கள் வீட்டில் வந்து இருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தார். வீட்டைப் போட்டுவிட்டு எப்படி வருவது என்று பீ தீமா கையை விடுவித்துக்கொண்டார். என்ன வீடு என்று கேட்க ஸைத்தூனுக்கு மனம் வரவில்லை. எங்களுக்கு அவர்களைப் பார்க்கவும் கஷ்டமாக இருந்தது, பார்க்காமல் போகவும் கஷ்டமாக இருந்தது.

இந்த நிலையில்தான் பீ ஜோஹா வந்தார். துறையில் இறங்கியபோதே அவர் கையில் துணி போட்டு மூடிய தாம்பாளம் இருந்தது. நிச்சயத்துக்கு வாங்கிய பட்டை இப்படி மூடித் திருப்பி எடுத்து வந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்ப் பூனைக்குக்கூடத் தெரியும். அத்மான் பின்னால் வந்தான், முகத்தில் ஈயாடவில்லை. உச்சி வெயில். கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள், காபிக்கடையில் கோப்பைகள் பாதியில் நின்றன. ஃபமாவ் ஓடிக்கொண்டிருந்த கேசட்டை நிறுத்தினார்.

பீ தீமா அப்போது மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். தலையில் துணியில்லை, கையெல்லாம் செதில், உடுத்தியிருந்தது கிழிசல். நிமிர்ந்து பார்த்தவருக்கு உயிரே போய்விட்டது. வெட்கத்தில் வேறெதுவும் தோன்றாமல், பிறந்ததிலிருந்து பழகிய வார்த்தைதான் வாயில் வந்தது.

"கதவச் சாத்துடி! சம்பந்தி வர்றாங்க, என் கோலத்தப் பாரு!"

சோமோயே சட்டென்று எழுந்து போனாள். கயிற்றில் முடிச்சு இருந்த இடத்துக்குப் போய், இரண்டு கைகளையும் நீட்டி, ஒரு பலகையை இழுத்தாள், மற்றதை இழுத்தாள், குறுக்குக்கட்டையைத் தூக்கிப் போட்டாள். அங்கே காற்றுதான் இருந்தது. யோசித்துச் செய்யவில்லை, இருபது வருஷம் அந்தக் கதவைச் சாத்திய கை அது.

வேகமாக வந்த பீ ஜோஹா அந்த இடத்தில் டக்கென்று நின்றார். இன்னொரு அடி வைத்திருந்தால் உள்ளே போயிருக்கலாம். கயிறு கணுக்கால் உயரம்தான், சற்று முன்பு ஒரு கோழி அதைத் தாண்டிப் போனது. ஆனால் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று 'ஹோடி' என்று குரல் கொடுத்து, உள்ளே இருப்பவர்கள் 'கரிபு' என்று சொன்ன பிறகே காலெடுத்து வைப்பது எங்கள் வழக்கம். பேச்சில் நெருப்பைக் கொட்டுகிறவராக இருந்தாலும் பீ ஜோஹா முறை தவறியவர் இல்லை. தாம்பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "ஹோடி!" என்றார்.

பீ தீமா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். "திறக்காத, இரு, தலைத்துணி எங்க? பிரிட்ஜுல பாரு, பிரிட்ஜுல பாரு" என்று மகளிடம் கிசுகிசுத்தது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"ஹோடி! உள்ள யாரும் இல்லையா?"

பீ ஜோஹாவின் நெற்றியில் வியர்வை வழிந்தது. காலை மாற்றி வைத்தார், தாம்பாளத்தை இடுப்பு மாற்றி வைத்தார். கடைசியில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"தீமா! கதவத் திற! வெயிலு மண்டையப் பொளக்குது, உள்ள என்னத்த உருட்டிக்கிட்டிருக்க? வீட்டுக்கு வந்தவள வாசல்லயே காயவிடுறதா உங்க ஊரு மரியாதை?"

அத்மான்தான் முதலில் புரிந்துகொண்டான். அப்படியே தெருவில் உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான், சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. பிறகு ஓபோவுக்குப் புரிந்தது, ஃபமாவுக்குப் புரிந்தது, தெருவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. தான் என்ன சொன்னோம் என்பது பீ ஜோஹாவுக்கு எல்லோருக்கும் கடைசியாகத்தான் உறைத்தது. அவர் கயிற்றைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். ஒரு வீட்டின் கதவைத் திற என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு, வீடில்லை அதனால் சம்பந்தமில்லை என்று எப்படிச் சொல்வது. அப்போது சோமோயே குறுக்குக்கட்டையை எடுத்துக் கதவைத் திறந்தாள். "கரிபு மாமி" என்றாள்.

பீ ஜோஹா செருப்பைக் கழற்றினார். அந்த வாசல் எப்போதும் தாழ்வு. குனிந்து உள்ளே வந்தார். உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு தாம்பாளத்தின் துணியை விலக்கினார்.

"இந்தப் பட்டு சாயம் போற மாதிரி இருக்கு. மாத்தித் தரச் சொல்லலாம்னுதான் கொண்டுவந்தேன். வேற ஒண்ணுமில்ல."

"சாயமெல்லாம் போகாது சம்பந்தி" என்றார் பீ தீமா, தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அடுத்த நல்ல நாளில் கல்யாணம் நடந்தது. அத்மான் வாசலில் கால் கழுவினான். ஈரக்காலில் உடனே மணல் ஒட்டிக்கொண்டது, மறுபடியும் கழுவினான், மறுபடியும் ஒட்டியது, பெண்கள் கதவைத் திறக்க மறுத்து உள்ளே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண் யார் கண்ணிலும் படாமல் உள்ளறையில் இருக்க வேண்டிய நாட்களில், அந்தப் பக்கம் போன ஆண்களெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தெருவில் சுமை இழுக்கும் கழுதைகள் முதல் நாளிலிருந்தே சுவரைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தன. அவினோ ஊருக்குக் கிளம்பும் அன்று விடைபெற வந்து, வாசலில் குனிய மறந்து, நெற்றியைத் தடவிக்கொண்டே உள்ளே வந்தார். கயிற்றை அளந்து ஒரு படம் வரைந்துகொண்டார். அதை எந்த நூற்றாண்டில் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. மழை பெய்தால் அவர்கள் நனைகிறார்கள். போன மாடி போனதுதான், நீலப்பூக் கிண்ணமும் போனதுதான். ஒரு கை பதிக்கச் சுவரில்லை என்ற ஏக்கம் சோமோயேவுக்கு இன்னும் தீரவில்லை. அத்மானும் பீ தீமாவும் அதற்கு ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிறார்கள். காற்று திரும்பும் வாரங்களில் இப்போதும் விடியுமுன் எழுந்து வந்து கயிற்றைப் பார்க்கிறோம். ஆனால் முளையும் கயிறும் அதன்பின் அசையவில்லை. சோமோயே முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த வாரத்தில் ஓபோ சாந்துக்கரண்டியைத் தேடி எடுத்து, ஒரு மூலையில் நாலைந்து முருகைக்கற்களை வைத்தார். மறுநாள் பயந்து பயந்து போய்ப் பார்த்தால் அவை அங்கேயே இருந்தன. அன்றிலிருந்து கல் கிடைக்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வைக்கிறார். முழங்கால் உயரம் வந்திருக்கிறது. எல்லாப் பக்கமும் நுனிகளை நீட்டி விட்டிருக்கிறார். தெருவில் போகிறவர்களின் துணி அதில் மாட்டிக் கிழிகிறது, யாரும் திட்டுவதில்லை.

போன வாரம் மருமகளைப் பார்க்க வந்த பீ ஜோஹா, காபியைக் குடித்துக்கொண்டே அந்தச் சுவரைப் பார்த்து, "வேலை எப்ப முடியும் சம்பந்தி?" என்று கேட்டார்.

பீ தீமா பாய்ந்து அவர் வாயைப் பொத்தினார்.

"என்ன பேச்சுப் பேசுறீங்க! முதல்ல வாயக் கழுவுங்க!"

பீ ஜோஹா எழுந்து, செம்பிலிருந்த தண்ணீரை வாயில் ஊற்றி நிஜமாகவே கொப்பளித்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் குனிந்து வெளியே போய், கதவைச் சாத்திவிட்டுப் படகுக்கு நடந்தார்.